நீலி பொய் சொன்னாளா?

'லோகா சாப்டர் 1: சந்திரா' என்ற மலையாளப் படம் 2025 ஆகஸ்ட் 28 அன்று திரைக்கு வந்தது. அன்று முதல் கள்ளியங்காட்டு நீலியின் வழக்கு மறுபடியும் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. டொமினிக் அருண் இயக்கிய அந்தப் படத்தில் நீலி சந்திரா என்ற பெயரோடு இன்றைய பெங்களூரில் வாழ்கிறாள். படம் பார்த்தவர்களில் ஒரு சாரார், 'ஐதிகமாலை'யை அடிப்படையாகக் காட்டி, கடமற்றத்துக் கத்தனார் அடக்கிய யட்சி இவளல்லள் என்கின்றனர். மற்றொரு சாரார், தொடரின் அடுத்த பாகங்கள் வந்தபின் எல்லாம் பொருந்திவிடும் என்கின்றனர். தமிழ்ப் பக்கத்திலிருந்து மூன்றாவது குரல் ஒன்றும் எழுகிறது: அவள் இசக்கி, குமரி மாவட்டத்துத் தெய்வம், அவளை யட்சியாக்கியதே பிழை.

இந்த மூன்று குரல்களும் ஒரே ஊரில், சில வேளை ஒரே வீட்டில் ஒலிக்கக்கூடிய நிலப்பகுதி ஒன்று உண்டு. பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர் என நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில் அமைந்த எல்லைக் கிராமங்களே அவை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வில்லுப்பாட்டு அந்த எல்லையை மதிக்கவில்லை. எல்லைக்குக் கிழக்கே வில்லுப்பாட்டு என்றும் மேற்கே வில்லடிச்சான் பாட்டு என்றும் பெயர் மாறியதே தவிர, அம்மன் கோயில் கொடையில் வில்லும் குடமும் உடுக்கும் முழங்குவது நிற்கவில்லை. நீலியைப் பற்றிய வாதம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. அந்த வாதத்தையே இலக்கியச் சான்றாகக் கொள்ளவேண்டும் என்பதும், பல்கலைக்கழகங்கள் அதைச் செய்யத் தவறியிருக்கின்றன என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

நெடுந்தொடர் ஒன்றின் சுவைஞர்கள் எவற்றைப் பற்றி வாதிடுகின்றனர் என்பதை முதலில் வகைப்படுத்திக்கொள்ளலாம். 1966இல் தொடங்கி இன்றுவரை பல கிளைகளாக நீளும் 'ஸ்டார் டிரெக்' அறிவியல் புனைவுத் தொடர் அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் சுவைஞர்களின் வாதங்கள் பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கும்.

முதல் வகை, பொருத்தம் பற்றிய வாதம். முதல் தொடரில் கிளிங்கன் என்னும் அயல்கோள் இனத்தார் மனிதரைப் போன்ற நெற்றி உடையவர்கள். 1979இல் வந்த திரைப்படத்தில் அவர்களுடைய நெற்றியில் எலும்பு மேடுகள் முளைத்துவிட்டன. ஒப்பனைக்குக் கிடைத்த பணம் கூடியதே உண்மையான காரணம். சுவைஞர்கள் அதை ஏற்காமல் கதைக்குள்ளேயே காரணம் தேடினர். 1996இல் வந்த ஓர் அத்தியாயத்தில் வோர்ஃப் என்ற கிளிங்கன் பாத்திரம், அதை வெளியாரிடம் பேசுவதில்லை என்று கூறி நழுவுகிறது. 2005இல் ஒரு நோய்த்தொற்றைக் காரணமாகக் காட்டித் தொடரே விடை சொல்ல நேர்ந்தது. சுவைஞர்கள் எழுப்பிய கேள்வி, கால் நூற்றாண்டுக்குப் பின் கதையாகவே மாறியது.

இரண்டாம் வகை, நீதி பற்றிய வாதம். 1996இல் ஒளிபரப்பான 'டூவிக்ஸ்' அத்தியாயத்தில், ஒரு விபத்தால் இருவர் ஒன்றாகக் கலந்து மூன்றாவதாகப் புதிய ஓர் ஆள் உருவாகிறான். பழைய இருவரையும் மீட்கவேண்டுமானால் அவன் சாகவேண்டும். அவன் வாழ விரும்பி மன்றாடுகிறான். மருத்துவர் அந்தச் செயலைச் செய்ய மறுக்கிறார். கப்பல் தலைவி ஜேன்வே தன் கையாலேயே அதைச் செய்து முடிக்கிறாள். அது மீட்பா கொலையா என்ற வாதம் முப்பதாண்டுகளாக முடியவில்லை. முடியாததால்தான் அந்த அத்தியாயம் இன்றும் நினைவில் இருக்கிறது.

முதல் வகை வாதத்துக்குத் தீர்ப்புச் சொல்ல ஓர் உரிமையாளர் இருக்கிறார். 'ஸ்டார் வார்ஸ்' உரிமை டிஸ்னியிடம் சென்றபின், 2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம், அதுவரை வெளிவந்த நாவல்களும் படக்கதைகளும் இனி அதிகாரபூர்வக் கதையில் சேரமாட்டா என்று அறிவித்தது. ஒரே அறிவிப்பில், பல்லாண்டுகளாக வாசகர்கள் உடன்வாழ்ந்த பாத்திரங்கள் 'பழங்கதை' என்ற தலைப்புக்குக் கீழே ஒதுக்கப்பட்டன. இரண்டாம் வகை வாதத்துக்கு அப்படிப்பட்ட உரிமையாளர் எவரும் இல்லை. ஜேன்வே செய்தது சரியா என்பதை எந்த நிறுவனமும் அறிவித்து முடித்துவிட முடியாது.

இனி நீலியிடம் வரலாம். தென்திருவிதாங்கூர்ப் பாட்டு மரபில் கதை ஏறத்தாழ இவ்வாறு செல்கிறது. நம்பி என்ற பிராமணன் ஒரு தாசியிடம் தன் பொருளையெல்லாம் இழக்கிறான். பொருள் தீர்ந்ததும் அவளுடைய தாய் அவனை விரட்டுகிறாள். மகளோ அவன்மேல் கொண்ட அன்பால் நகைகளோடு பின்தொடர்கிறாள். கள்ளிக்காட்டில் அவன் மடியில் தலைவைத்து உறங்கும்போது, நகைக்காக அவளைக் கொல்கிறான். கண்ட சாட்சி கள்ளிச்செடி மட்டுமே. அவளைத் தேடிவந்த அண்ணனும் அங்கேயே உயிர் விடுகிறான். கொன்றவனையும் பாம்பு தீண்டுகிறது. அண்ணனும் தங்கையும் நீலன், நீலி என்று சோழன் மக்களாகப் பிறந்து, இரவில் ஆநிரைகளைத் தின்னும் பேய்ப்பிள்ளைகளாகக் காட்டில் விடப்படுகின்றனர். நம்பி ஆனந்தன் என்ற வணிகனாகப் பிறக்கிறான். ஒருநாள் அவன் பழையனூர் வழியாகச் செல்லும்போது, நீலி கள்ளிக்கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கட்டிய மனைவியைக் கைவிட்டுப் போகிறான் என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். அவள் பேய் என்று அவன் கதறுகிறான். எழுபது வேளாளர்கள் அவள் கண்ணீரை நம்புகின்றனர். அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைக்கின்றனர். அவன் காப்பாக வைத்திருந்த ஆயுதத்தை வாங்கிக்கொண்டு இருவரையும் ஓர் அறையில் விடுகின்றனர். விடிந்தபோது அவன் பிணம். சொன்ன சொல்லைக் காக்க எழுபது பேரும் உயிர் துறக்கின்றனர்.

பாட்டின் வடிவத்துக்கு வடிவம் பெயர்களும் விவரங்களும் மாறும். மாறாதவை கேள்விகள். முற்பிறவியின் நினைவே இல்லாத ஆனந்தன் அதன் குற்றத்துக்குத் தண்டனை பெறுவது நீதியா? எழுபது பேர் ஏமாந்த நல்லவர்களா, விசாரிக்காமல் தீர்ப்பளித்த குற்றவாளிகளா? அவர்களுடைய சாவு பிழைக்கு ஈடாகுமா, அல்லது தங்கள் பெயரைக் காத்துக்கொள்ளும் செயலா? எல்லாவற்றுக்கும் மேலாக, நீலி சொன்னது பொய்யா? கைவிடப்பட்டவள் என்று அவள் சொன்னாள். முதற்பிறவியில் அதைவிடக் கொடியது நிகழ்ந்தது. சபைமுன் அவள் காட்டிய குழந்தை பொய். குற்றச்சாட்டின் வேர் பொய்யன்று. கள்ளி என்ற ஒரே சாட்சியைக் குழந்தையாக்கி இடுப்பில் சுமந்து அவள் சபைக்கு வருகிறாள் என்பதைக் கவனித்தால், பாட்டு எவ்வளவு நுட்பமாக வழக்காடுகிறது என்பது விளங்கும்.

இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு வட்டாரமும் ஒவ்வொரு விடை கொடுத்திருக்கிறது. வடக்கே திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வீரர்கள் அந்த எழுபது பேரே. வாக்குத் தவறாத அவர்களுக்கு அங்கே நினைவு மண்டபம் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதையின் சாயல் இருக்கிறது. சமணர்களோ நீலியை முற்றிலும் வேறு திசைக்குக் கொண்டு சென்றனர். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'நீலகேசி'யில், முனிவரை அச்சுறுத்த வந்த பழையனூர் நீலி அவரிடமே அறம் கேட்டு மாறுகிறாள். பிறகு ஊர் ஊராகச் சென்று பௌத்தரையும் ஆசீவகரையும் சாங்கியரையும் வாதில் வெல்கிறாள். பௌத்தக் காப்பியமான 'குண்டலகேசி'க்கு மறுப்பாக எழுந்த நூல் அது. பிறர் படைத்த பாத்திரத்தை எடுத்துத் தம் வாதத்துக்கு வழக்கறிஞராக்கிக்கொள்ளும் வேலையை இன்றைய சுவைஞர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தெற்கே நாஞ்சில் நாட்டில் அவள் இசக்கி. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் இசக்கியை நீலியாகவே மக்கள் கருதுகின்றனர். கையில் குழந்தையோடு நிற்கும் அந்த அம்மனிடம் பெண்கள் பிள்ளைவரம் கேட்கின்றனர். சபையை ஏமாற்றிய கள்ளிக்குழந்தை இங்கே வழிபாட்டுக்கு உரியதாகிவிட்டது. மேற்கே கதை கத்தனாரின் பக்கம் சாய்கிறது. கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் 1934 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட 'ஐதிகமாலை'யில், திருவனந்தபுரத்துக்கும் பத்மநாபபுரத்துக்கும் இடைப்பட்ட வழியில் பயணிகளைக் கொன்ற யட்சியைக் கடமற்றத்துக் கத்தனார் அடக்குகிறார். பின்வந்த மக்கள் வழக்கு அந்த யட்சியையும் கள்ளியங்காட்டு நீலியையும் ஒன்றாக்கியது. அந்த வழி நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் ஊடறுத்துச் செல்லும் பழைய பாதைதான். மலையாளக் கதையில் அச்சத்துக்குரிய காடாக நிற்கும் இடம், அங்கு வாழ்பவர்களுக்கு வீடும் வயலும் சந்தையும். மேலும், கத்தனார் கதையில் யட்சியின் கோபத்துக்குக் காரணமே சொல்லப்படுவதில்லை. தலையில் அறைந்த ஆணியோடு வழக்கு முடிந்துவிடுகிறது.

சொற்களின் வரலாறும் இதே பிரிவைக் காட்டுகிறது. வடமொழி யட்சி தமிழில் இயக்கி ஆயிற்று. சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்து வழிபட்டது பூங்கண் இயக்கியை. உயிர் உசிராவதும் மயிர் மசிராவதும் போல, இயக்கி பேச்சில் இசக்கியானாள். மலையாளம் வடமொழி வடிவத்தையே வைத்துக்கொண்டது. ஒரே சொல் இரண்டு ஒலிவடிவங்களாகப் பிரிந்தபின் பொருளும் பிரிந்தது. யட்சி என்றால் பனையில் வாழ்ந்து சுண்ணாம்பு கேட்டு வழிமறிக்கும் அழகி. இசக்கி என்றால் பிள்ளை தரும், பிள்ளையைக் காக்கும், சினந்தால் அழிக்கும் அம்மன். எல்லைக் கிராமத்தின் இருமொழியாளர் ஒருவர் இரண்டு சொற்களையும் ஒரே நாளில் பயன்படுத்துகிறார். அவருக்கு அவை மொழிபெயர்ப்புச் சொற்கள் அல்ல. ஒரே வழக்கின் வாதியும் பிரதிவாதியும் ஆகும்.

பொதுத்தமிழ் இன்னொன்றும் செய்திருக்கிறது. போலி அழுகைக்கு 'நீலிக்கண்ணீர்' என்று பெயர் வைத்து, அந்த எழுபது பேர் சார்பில் தீர்ப்பையும் எழுதிவிட்டது. கதை தெரியாதவர்களும் மேடையிலும் தலையங்கத்திலும் அந்தத் தொடரை எடுத்தாளும்போது, கள்ளிக்காட்டில் நடந்த கொலை ஒவ்வொரு முறையும் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. அகராதிகள் நடுநிலையானவை என்று நம்பும் மொழியியல் மாணவர்கள் இந்த ஒரு சொல்லைச் சற்று நேரம் எண்ணிப் பார்க்கலாம்.

இந்தப் பின்னணியில் பார்த்தால் 'லோகா' செய்த மாற்றம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. படத்தில் நீலி ஒரு பழங்குடிச் சிறுமி. தடையை மீறிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவளுடைய மக்களை அரசன் அழிக்கிறான். குகையில் வௌவால் கடிபட்டு அவள் மாறுகிறாள். கத்தனாரும் இங்கே அவளை ஒடுக்குபவராக அன்றி, அவள் ஆற்றலுக்கு நல்வழி காட்டுபவராக வருகிறார். இது மூலத்தில் இல்லை என்பது பொருத்தம் பற்றிய வாதம். அதன் அளவில் அது உண்மையே. ஆனால் நீலியின் கோபத்துக்குக் காரணம் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று படம் மீண்டும் வற்புறுத்துகிறது. அந்த வகையில் அது 'ஐதிகமாலை'யைவிட வில்லுப்பாட்டுக்கு நெருக்கமானது.

தேர்ந்துகொண்ட காரணமும் இந்த மண்ணுக்கு அந்நியமில்லை. கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை வட்டங்கள் தோள்சீலைப் போராட்டத்தின் களம்; 1859இல் வந்த அரசு அறிவிப்போடுதான் அது தணிந்தது. 1888இல் நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம் நெய்யாற்றின்கரைக்கு அருகில்தான் இருக்கிறது. அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றதும், அதன்பொருட்டுப் பள்ளியே எரிக்கப்பட்டதுமான ஊருட்டம்பலம் இதே வட்டாரம். கோயில் நுழைவு அறிவிப்பு வந்தது 1936இல். கோயிலுக்குள் காலடி வைத்த சிறுமிமீது பாயும் அரசனின் படை, இந்தக் கிராமங்களின் மூத்த தலைமுறைக்கு வெறும் கற்பனை அன்று. நகைக்காக நடந்த கொலையைச் சாதிக்காக நடந்த கொலையாகப் படம் மாற்றியிருக்கிறது. அதனால் இழப்பும் உண்டு: சபையும் எழுபது பேரும் காணாமல் போய்விட்டனர்; தீயவன் ஒருவன் தெளிவாகத் தெரிகிறான்; நல்லவர்களின் பிழை என்ற கூர்மையான கேள்வி மழுங்கிவிட்டது. படத்தின் உண்மையான குறை இதுவே. ஆனால் 'ஐதிகமாலை'யோடு ஒப்பிட்டு மட்டும் படத்தை அளப்பவர்களின் கண்ணில் இது படாது. அந்த நூலிலும் அந்தச் சபை இல்லை.

இந்த ஒப்பீட்டுக்கு இரண்டு மறுப்புகள் வரக்கூடும். தெய்வத்தையும் தொலைக்காட்சிப் பாத்திரத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்பது முதலாவது. வேறுபாடு உண்மையில் பெரியது. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட வில்லுப்பாட்டு ஆய்வில் பிறப்புக் கதைகளையும் இறப்புக் கதைகளையும் பிரித்துக் காட்டினார். கொலையுண்டு தெய்வமானவரின் கதை பாடப்படும்போது சாமியாட்டம் வருகிறது. கேட்பவர்களின் உடல்களும் அந்தப் பாட்டில் பங்குகொள்கின்றன. கிளிங்கன் நெற்றியைத் தவறாகச் சொன்னால் எவருக்கும் கேடில்லை. இசக்கியின் கதையைக் குறைத்துப் பாடினால் ஊருக்குக் கேடு என்று நம்பப்படுகிறது. இந்த வேறுபாடு வாதத்தை வலுவிழக்கச் செய்வதில்லை. பணயம் கூடும்போது வாதமும் பொறுப்புடையதாகிறது என்பதையே அது காட்டுகிறது. புலவர் மாற்றிப் பாடலாம். ஆனால் மாற்றியதற்கு அங்கேயே, அப்போதே பதில் சொல்லவேண்டும்.

எல்லா வடிவமும் சமம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்பது இரண்டாவது மறுப்பு. கூடாது. தொன்மை எது என்பது ஓர் அளவுகோல். அது வரலாற்றாசிரியருக்கு வேண்டும். கதை எழுப்பிய கேள்வியை எந்த வடிவம் உயிரோடு வைத்திருக்கிறது, எது அடைத்துவிடுகிறது என்பது மற்றோர் அளவுகோல்; கதையோடு வாழ்பவர்கள் கையாள்வது இதைத்தான். ஆணியோடு முடிக்கும் வடிவம் கேள்வியை அடைக்கிறது. 'நீலிக்கண்ணீர்' என்ற சொல்லும் அடைக்கிறது. வில்லுப்பாட்டும் 'நீலகேசி'யும் திறந்து வைக்கின்றன. திரைப்படம் ஒரு கதவைத் திறந்து மற்றொன்றை மூடுகிறது.

பல்கலைக்கழகங்கள் கவனிக்கவேண்டியது இங்கேதான் இருக்கிறது. தமிழ்த்துறைகள் இந்தப் பாட்டுகளை நாட்டார் கதைப்பாடல் என்றும், மலையாளத்துறைகள் தெக்கன் பாட்டுகள் என்றும் தொகுக்கின்றன. இரண்டு மொழியும் ஊடாடும் அடிகளை ஒரு பதிப்பு தமிழாகத் திருத்தும். மற்றொன்று மலையாளமாகத் திருத்தும். லூகாஸ்ஃபிலிம் அறிவிப்பு வெளியிட்டுச் செய்ததை, பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்புக்கூட இல்லாமல் செய்துவிடுகின்றனர். களப்பணியிலும் இதே நிலைதான். பாட்டு முடிந்ததும் பதிவுக்கருவி அணைக்கப்படுகிறது. அதற்குப் பிறகு கோயில் முற்றத்தில், அந்த எழுபது பேர் அவனிடமிருந்து ஆயுதத்தை வாங்கியிருக்கலாமா என்று மூத்தவர்கள் வாதிடுவதும், இசக்கியும் யட்சியும் ஒருத்திதானா என்று இளைஞர்கள் படத்தைக் காட்டிக் கேட்பதும் எந்த ஆய்வேட்டிலும் பின்னிணைப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் தொலைக்காட்சிச் சுவைஞர்களின் உரையாடல்களை ஆய்வுப்பொருளாக்கி நூல் எழுதியபின், உலகெங்கும் அதற்கெனத் தனித்துறையே வளர்ந்திருக்கிறது. ஜேன்வேயின் தீர்ப்பைப் பற்றிய வாதம் ஆய்வுக்குத் தகுதியானது என்றால், பழையனூர்ச் சபையின் தீர்ப்பைப் பற்றிப் பாறசாலையில் நடக்கும் வாதத்துக்கு அந்தத் தகுதி இல்லாமல் போவது எப்படி?

செய்யவேண்டியது பெரிதொன்றும் இல்லை. பாட்டைப் பதிவுசெய்பவர்கள், அதைத் தொடரும் பேச்சையும் பதிவுசெய்யலாம். எல்லைக் கிராமங்களின் பிரதிகளைப் பதிப்பிப்போர், எந்த அடி எந்த மொழி என்று தீர்ப்பளிக்காமல், பாடப்பட்டபடியே இரு லிபியிலும் வெளியிடலாம். தமிழ்த்துறையும் மலையாளத்துறையும் ஒரே கொடைக்கு ஒன்றாகச் செல்லலாம். இன்றைய பிள்ளைகளில் பலர் தமிழை வீட்டில் கேட்டு, மலையாளத்தைப் பள்ளியில் எழுதி, நீலியைத் திரையில் காண்பவர்கள். அவர்களிடம் உள்ள கதை எந்த ஒற்றை மொழித்துறையின் பாடத்திட்டத்திலும் அடங்காது. அவர்கள் பாட்டனாரிடம் கேட்ட எழுபது பேரையும் படத்தில் கண்ட அரசனையும் ஒப்பிட்டு வாதிடும் பேச்சைப் பதிவுசெய்ய இன்னும் காலம் இருக்கிறது. இரு மொழியிலும் பாட்டனார் சொல்வதைப் பின்தொடர வல்ல தலைமுறை போனபின் அது இராது.

'லோகா' தொடரின் அடுத்த பாகங்கள் வரும். உரிமையாளர்கள் தங்கள் நீலிக்கு அதிகாரபூர்வ வரலாறு எழுதுவார்கள். அது அவர்கள் உரிமை. அதற்கு முன்பே ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக வழக்கில் இருக்கும் ஒருத்தியின் மீது, தீர்ப்புச் சொல்லும் உரிமை எந்த நிறுவனத்துக்கும், எந்தத் துறைக்கும், எந்த அகராதிக்கும் தனியே இல்லை. அடுத்த முறை எவரேனும் 'நீலிக்கண்ணீர்' என்று எழுதும்போது, கள்ளிக்காட்டில் உறங்கியவளின் தலை யார் மடியில் இருந்தது என்று ஒருவராவது கேட்கட்டும்.